ஆவணியில் பார்த்த நிழல்

பருத்திப்பட்டில் மனை வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் தண்ணீர் உப்பா நல்லதா என்று பார்த்தார்கள். ரகுநாதன் வெயிலைப் பார்த்தார்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, அதுவரை நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டுப் பிரித்த மனை அது. சுற்றிலும் வேறு வீடு எழும்பவில்லை. மனையின் நடுவில் ஒரு சவுக்குக் கழியை நட்டுவிட்டு, அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீள்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தலையில் துண்டோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மேஸ்திரி வேம்புலிக்கு அது பெரிய வேடிக்கை.

"இன்னா சார், தண்ணிக்கு தேங்கா வச்சிப் பாக்கறவன் கீறான், வாஸ்துக்கு மூல பாக்கறவன் கீறான். நெயலுக்குக் காவல் நிக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்."

"இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர் மட்டும் குடியிருக்கப் போறதில்ல வேம்புலி. வெயிலும் குடியிருக்கும். அது எந்த வழியா வரும்னு தெரியாம சுவர் எழுப்பலாமா?"

"அதுக்கு இன்னா, தனியா ஒரு கதவு வச்சிக் குடுக்கணுமா?"

"இருக்கிற கதவை அடைக்கணும். அதுக்குத்தான் பார்க்கிறேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வீடு ஒருத்திக்காக எழும்பிய வீடு. அவர் மனைவி சுசீலாவுக்குச் சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, அவள் நாற்பதைத் தொடும்போதுதான் அது தெரிந்தது. பிள்ளை இல்லாத வீடு, ஒருவருக்கு ஒருவர்தான். ஆபரேஷனை இந்த உடம்பு தாங்காது என்று சொன்ன டாக்டர், "மாத்திரையை விடாம சாப்பிடட்டும். ரொம்ப நடக்க வேண்டாம். முக்கியமா வெயில் காலத்துல உடம்பு சூடாகாம பார்த்துக்குங்க" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள். ரகுநாதனுக்கு எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். ஆவடி ராணுவ டாங்கி ஆலையில் மேற்பார்வை பார்க்கிற சார்ஜ்மேன் அவர். இன்ஜின் சூடேறினால் என்ன ஆகும் என்பது அவருக்குக் கை வந்த பாடம். மறுவாரம் தனியாகப் போய் டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். உடம்பு சூடானால் அது ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி ஆற்றிக்கொள்கிறது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவதைப் போல. அப்படி அனுப்புவதற்கு நெஞ்சிலிருக்கும் பம்பு வழக்கத்தைவிட வேகமாக ஓட வேண்டும். நல்ல பம்பு ஓடிவிடும். வால்வு ஒழுகுகிற பம்பு ஓடி ஓடி ஓய்ந்துபோகும். ஆக, மற்றவர்களுக்கு வெயில் என்றால் வியர்வையும் வேர்க்குருவும். சுசீலாவுக்கு அது நெஞ்சின் மேல் ஏற்றுகிற மூட்டை.

அப்போது அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸ் மேல் மாடியில் இருந்தது. தலைக்கு மேலே மொட்டைத் தளம். பகலெல்லாம் குடித்த வெயிலை அது சாயங்காலத்திலிருந்து வீட்டுக்குள் இறக்கும். இன்னொரு கோடையை அவள் அங்கே கழிக்கக் கூடாது என்று ரகுநாதன் முடிவு செய்தார்.

வெயிலைப் பற்றி அவருக்கிருந்த ஞானமெல்லாம் ருஷ்யாவில் வந்தது. எண்பதுகளின் நடுவில் ஆலை அவரை அங்கே பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. போன புதிதில் ஒரு நாள். வானத்தில் மேகமே இல்லை. கண் கூசும் வெயில். ஆனால் காலடியில் பனி, கல்லாகக் கிடந்தது. ஆவடியில் இப்படி வெயில் அடித்தால் ரோட்டில் தார் இளகும். இங்கே பனிகூட உருகவில்லையே, இது வேறு சூரியனா? வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மதியம் வெளியே வந்து அண்ணாந்தபோது, அண்ணாந்திருக்கவே வேண்டாம் என்று தெரிந்தது. உச்சி வேளையிலும் சூரியன் மேலே ஏறவில்லை. தெற்கே, கட்டடங்களின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றது. அவருடைய நிழல் அவரைப் போலப் பல மடங்கு நீளமாகப் பனியில் கிடந்தது.

ஆலையில் ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறவர்களைப் பார்த்திருப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெயின்ட் துப்பாக்கியைத் தகட்டுக்கு நேராகப் பிடித்தால் சின்ன வட்டத்தில் கெட்டியாகப் படியும். சாய்த்துப் பிடித்தால் அதே பெயின்ட் நீண்ட பட்டையாகப் பரவி, எந்த இடத்திலும் மெல்லியதாகத்தான் ஒட்டும். துப்பாக்கி கக்குவது குறையவில்லை. விழுகிற இடம் பெருத்துவிட்டது. சூரியன் நேராக விழும்போது ஒரு முழத் தரைக்குக் கிடைக்கிற சூடு, சாய்ந்து விழும்போது மூன்று நான்கு முழத்துக்குப் பங்காகிறது. போதாததற்கு, சாய்ந்து வரும் ஒளி காற்றுக்குள்ளும் கூடுதல் தூரம் வர வேண்டும். தண்டவாளத்தை நேராகத் தாண்டுகிறவனுக்கும் கோணலாகத் தாண்டுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். கோணலாக வருகிற வெயில் வழியிலேயே களைத்துவிடுகிறது.

ஊர் திரும்பிய அவர் இதை முதலில் சொன்னது சுசீலாவிடம், அடுப்படியில் நின்றுகொண்டு.

"ஒரே கரண்டி மாவுதான் சுசீ. குவிச்சு ஊத்தினா ஊத்தப்பம். இழுத்துத் தேய்ச்சா பேப்பர் தோசை. நம்ம ஊருக்கு வெயில் ஊத்தப்பமா விழுது. அவங்களுக்குப் பேப்பர் தோசை."

"அதான் இப்படி இளைச்சுத் திரும்பி வந்தீங்களா? தள்ளுங்க, கல்லு காயுது."

ருஷ்யாவில் அவர் கண்டு வந்தது இன்னொன்றும் உண்டு. அங்கே தெற்கு ஜன்னல் உள்ள வீட்டுக்கு அடிதடி நடக்கும். வடக்குப் பக்கத்து அறையில் வெயில் எட்டிப் பார்க்காது. உருளைக்கிழங்கு மூட்டைகளை அங்கேதான் போட்டுவைப்பார்கள். வீட்டுக்குப் படம் போட உட்கார்ந்தபோது அந்த அறை அவர் நினைவுக்கு வந்தது. நமக்கு வேண்டியது அதுதானே? வெயில் எட்டிப் பார்க்காத அறை.

"உனக்கு வடக்கு ரூம்" என்றார்.

"உருளைக்கிழங்கு மாதிரி என்னையும் மூட்டை கட்டிப் போடப் போறீங்க."

"கெடாம இருக்கும்ல?"

அவள் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

ருஷ்யாவில் பார்த்ததை அப்படியே நம்பிவிடவில்லை அவர். அதற்குத்தான் கழி. ஆடியில் யாரும் வீட்டு வேலைக்காக மண்ணில் கடப்பாரை போட மாட்டார்கள். ரகுநாதன் அதெல்லாம் பார்க்கிறவரில்லை. ஆனால் வேம்புலியின் ஆட்கள் வர வேண்டுமே. எனவே ஆவணி பிறந்து முதல் வாரத்தில் பூஜை போட்டு, அன்றே கழியையும் நட்டார். அன்று உச்சி வேளையில் நிழல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. விரல் நீளத்துக்கு, வடக்கே விழுந்திருந்தது. புரட்டாசியில் சாண் ஆயிற்று. மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டிய நாளிலெல்லாம் நிழல் இன்னும் நீண்டிருந்தது, எப்போதும் வடக்கே. மார்கழியில் சுவர் எழும்பித் தளமும் போட்டாகிவிட்டது. வீட்டின் நிழலே வடக்குப் புற முற்றத்தை மூடிக்கொண்டது. துணி துவைக்க அங்கே போட்ட சிமென்டுத் தரை காயாமல் பாசி பிடித்தது.

"பார்த்தியா வேம்புலி? சூரியன் தெற்கே நின்னா நிழல் வடக்கே. கடைசி வரைக்கும் இந்தப் பக்கம் வெயில் வராது."

"படுக்கற ரூம்பு கன்னி மூலைல, தென்மேற்காலதான் சார் வந்திருக்கணும். நான் சொல்லல, ஊரே சொல்லுது."

"தென்மேற்குல வச்சிருந்தா மேற்குச் சுவர் சாயங்காலம் பூரா காயும். படுக்கப்போறது நோயாளிய்யா."

அதில் ரகுநாதன் சொன்னது சரியானதுதான். வேம்புலி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சாந்து கலக்கப் போய்விட்டான்.

வடக்கு அறைக்குக் காற்று வேண்டும் என்று ஜன்னலைப் பெரிதாக வைத்திருந்தார். வெயிலே வராத பக்கத்துக்குச் சன்ஷேடு எதற்கு என்று அதை விட்டுவிட்டார். கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டார். மேலிருந்து சூடு இறங்காதபடி தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டை ஓடுகளைப் பதித்தார். தெற்குப் பக்கத்தில் சின்ன ஜன்னலோடு ஒரு சாமான் அறை. மிச்ச சிமென்டு, பெயின்ட் டப்பாக்கள், ருஷ்யாவுக்குப் போய்வந்த பெட்டி எல்லாம் அதில் கிடந்தன.

தையில் குடி வந்தார்கள். பார்க்க வந்தவர்களையெல்லாம் அவர் நேராக வடக்கு அறைக்குக் கூட்டிப் போனார். சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தையும் மாசியும் அந்த அறை பானைத் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருந்தது. "ருஷ்யா ரகு ருஷ்யாவையே கொண்டாந்துட்டான்யா" என்று ஆலை நண்பர்கள் சிரித்தார்கள். சுசீலாவின் முகம் கொஞ்சம் தெளிந்ததாகக்கூட அவருக்குத் தோன்றியது.

வீட்டு வேலைக்குக் கன்னியம்மா வந்தாள். மண்ணூர்பேட்டையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். அந்த மனைகள் வயலாக இருந்தபோது அவள் மாமியார் அதிலே நாற்று நட்டிருக்கிறாள். "எங்க மாமியா சேத்துல நின்ன எடத்துல நீ கட்டில் போட்டு குந்திகினு கீற, நல்லா இரும்மா" என்பாள் சுசீலாவிடம். இருவருக்கும் பேச்சு ஓயாது.

சித்திரை வந்தது. ரகுநாதன் விடிந்ததும் சைக்கிளில் கிளம்பிவிடுவார். வீடு வரைக்கும் கேட்கிற ஆலையின் சாயங்காலச் சங்கு ஊதிய பிறகு திரும்புவார். வந்து செருப்பைக் கழற்றியதும் முதல் கேள்வி, "எப்படி இருக்கு?"

"குளுகுளுன்னு இருக்கு" என்பாள் சுசீலா. அறையில் தண்ணீர் தெளித்த வாசனை இருக்கும். ஜன்னல் சாத்தியிருக்கும். ஏன் சாத்தினாய் என்றால் கொசு என்பாள்.

வைகாசியில் அவளுக்குக் கால் வீங்கியது. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொடுத்தார். இந்த அறை மட்டும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரகுநாதன் நினைத்துக்கொண்டார். 

ஒரு நாள் ஆலையில் பெரிய அதிகாரி ஒருவர் இறந்துபோனார் என்று பிற்பகலில் விட்டுவிட்டார்கள். சங்கு ஊத வெகுநேரம் இருந்தது. ரகுநாதன் வீட்டுக்கு வந்து வடக்கு அறைக்குள் நுழைந்தார். கட்டில் காலியாக இருந்தது. அதன் மேல், தலையணையிலிருந்து பாதி மெத்தை வரைக்கும், மஞ்சள் வெயில் படுத்திருந்தது.

அவருக்கு முதலில் அது வெயில் என்றே படவில்லை. எங்கோ தகரத்தில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமாக இருக்கும். தலையணையில் கை வைத்தார். சுட்டது. அப்புறம்தான் சுசீலா அங்கே இல்லை என்பது உறைத்தது. "சுசீ!" என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தார்.

சாமான் அறையிலிருந்து கன்னியம்மா உதட்டில் விரலை வைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"சத்தம் போடாத சார். இப்பத்தான் கண்ணு அசந்துச்சி."

உள்ளே, பெயின்ட் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு, மடித்த கோணிகளின் மேல் பாயைப் போட்டு, ருஷ்யப் பெட்டியில் முதுகைச் சாய்த்துச் சுசீலா தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன அறை குளிர்ந்திருந்தது. ரகுநாதன் தன்னையறியாமல் தெற்குச் சுவரைத் தொட்டார். தை மாதத்து வடக்குச் சுவரைத் தொட்டதைப் போலவே இருந்தது.

"இங்க ஏன் படுத்திருக்கா?"

"டெய்லி இங்கதான் படுத்துகினு கீது. அந்த ரூம்புல மனுசன் குந்துவானா? காலைல ஒரு தபா வெயிலு உள்ள வருது, சாயங்காலம் ஒரு தபா வருது. நடுவுல அந்த சிமிட்டித் தரை அனல் ஊதுது. சித்திரை பாதியிலேர்ந்து இப்பிடித்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் இன்னா பண்ணட்டும்? சொல்லக் கூடாதுன்னு தலைல அட்ச்சி சத்தியம் வாங்கிகிச்சு. சங்கு ஊதறப்ப கையப் புட்ச்சி இட்டுகினு போயி அந்தக் கட்டில்ல வுட்ருவேன். ஜன்னல சாத்தி தண்ணி தெளிச்சிடுவேன். நீ வந்து 'எப்பிடி கீது'ம்ப. அது 'குளுகுளு'ங்கும். நீ காபி குட்ச்சிட்டுப் போயி பேப்பரு படிப்ப." கன்னியம்மா பாதி சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

பேச்சுச் சத்தத்தில் சுசீலா விழித்துக்கொண்டாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல் பெட்டியிலேயே சாய்ந்தாள்.

"சங்கு... ஊதலையே?"

"ஏன் சுசீ?" அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் சொல்லல?"

"கழிய நட்டு வச்சிக்கிட்டு நின்னீங்க. வர்றவங்க போறவங்க... எல்லார்கிட்டயும் அந்த ரூமப் பத்தியே பேசினீங்க." மூச்சு வாங்கியது. "அதுல வெயில் வருதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரேம்மா."

"இந்த ரூமுக்கும் அந்த ரூமுக்கும்தானே. சுவத்தப் புடிச்சிக்கிட்டு வந்துடுவேன்." அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கோவமா? இந்த உருளைக்கிழங்கைத் தெக்கால வச்சாத்தான் கெடாது போலிருக்கு, என்ன பண்றது?"

அவரால் சிரிக்க முடியவில்லை. எழுந்து பின்கதவைத் திறந்து வடக்கு முற்றத்துக்குப் போனார். சிமென்டுத் தரை செருப்பில்லாத காலைச் சுட்டது. நின்றார். அவருடைய நிழல் தென்கிழக்கே விழுந்து, வீட்டுச் சுவரில் ஏறி மடங்கி நின்றது. திரும்பினார். சூரியன் வடமேற்கே இருந்தது.

அப்படியே நின்றுகொண்டு, சூட்டையும் பொருட்படுத்தாமல், அவர் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். ருஷ்யா வெகு வடக்கே உள்ள தேசம். அங்கே எந்த மாதமானாலும் உச்சிச் சூரியன் தெற்கேதான் நிற்கும். ஆவடி அப்படிப்பட்ட ஊர் இல்லை. தையிலிருந்து சூரியன் நாளுக்குக் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து வருகிறது. சித்திரை பத்துத் தேதி வாக்கில் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அன்று மதியம், நட்ட கழிக்கு நிழலே கிடையாது. அதோடு அது நின்றுவிடுவதில்லை. தலையைத் தாண்டி வடக்கே போகிறது. ஆனிவரை போய், அங்கிருந்து திரும்பி, ஆடி கழிந்து ஆவணி பிறக்கிற சமயத்தில் மறுபடி நம் தலையைக் கடந்து தெற்கே இறங்குகிறது. இடைப்பட்ட அந்தக் காலம் முழுவதும் தெற்குச் சுவரில் வெயில் படுவதே இல்லை. காய்வது வடக்குச் சுவர். காலையில் வடகிழக்கிலிருந்து ஒரு முறை, மாலையில் வடமேற்கிலிருந்து ஒரு முறை, சன்ஷேடு இல்லாத ஜன்னலுக்குள் வெயில் சாய்ந்து நுழையும். மதியத்தில் சாய்வே இல்லை. செங்குத்தாக, ஒரு முழச் சூடு ஒரு முழத்திலேயே இறங்கும். மார்கழியில் வீட்டு நிழலில் பாசி பிடித்த அதே சிமென்டுத் தரை அதை முழுக்கக் குடித்து, அவர் காற்றுக்காகப் பெரிதாக வைத்த ஜன்னல் வழியே அவளுடைய கட்டிலின் மேல் ஊதும்.

அவர் கழி நட்டது ஆவணியின் முதல் வாரத்தில். அதாவது சூரியன் தெற்கே இறங்கிய கையோடு. வீடு முடிந்தது தையில். ஆடி ஆகாது என்று எல்லாரும் ஒதுங்கியிருந்ததால், வடக்கே நிற்கிற சூரியனை அந்தக் கழி ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. ஒரு மாதம் முன்னால் நட்டிருந்தால் நிழல் தெற்கே விழுந்திருக்கும். அவர் திடுக்கிட்டிருப்பார். படத்தைத் திருப்பிப் போட்டிருப்பார். அவ்வளவுதான்.

பிறந்ததிலிருந்து இந்த வெயிலின் கீழேதான் நடக்கிறார். ஆனால் சித்திரை வைகாசியில் நடுப்பகல் சூரியன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? குனிந்த தலை நிமிராமல் நிழலுக்கு ஓடுகிறோம். அவர் சூரியனை முதன்முதலாக நின்று பார்த்தது பனியில்தான்.

அன்றே கன்னியம்மாவும் அவருமாகச் சாமான் அறையை ஒழித்தார்கள். கட்டிலைக் கழற்றி அங்கே போட்டார்கள். மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு, வேம்புலியை அழைத்து வந்து வடக்கு முற்றத்தில் கீற்றுப் பந்தல் போட வைத்தார். வேம்புலிக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆனாலும் வழக்கமான கிண்டல் ஒன்றும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

"எனக்கும் தெரியாது சார்" என்றான் கீற்றைக் கட்டிக்கொண்டே. "தெரிஞ்சிருந்தா வுட்டிருப்பனா?"

தெற்கு அறையில் சுசீலா நன்றாகத் தூங்கினாள். கால் வீக்கம் வடிந்தது. "இப்ப நெசமாவே குளுகுளுன்னு இருக்கு" என்றாள் ஒரு நாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆனி பாதியில், நன்றாக வெளிச்சமிருந்த ஒரு காலையில், காபித் தம்ளரை வாங்க நீட்டிய கையை அவள் அப்படியே நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். ஆட்டோ வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு ரகுநாதன் டாக்டரிடம் போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். எத்தனை நாள் அந்த அறையில் கிடந்தாள், எப்படி நடத்திக் கூட்டிப் போனார்கள், எல்லாம். கடைசியில், "அதுதான் காரணமா?" என்று கேட்டார்.

டாக்டர் மேசை மேலிருந்த பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "கோடை ஒரு காரணம்னு சொல்லலாம். நடந்தது ஒரு காரணம்னு சொல்லலாம். அந்த வால்வுக்கு அவ்வளவுதான் ஆயுசுன்னும் சொல்லலாம். எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது சார்."

பிரித்துச் சொல்ல முடியாத ஒன்றோடு வாழ ரகுநாதனுக்குப் பழக்கமில்லை. ஆடியில் பகல் நேரத்தில் வீட்டிலிருந்தால் வடக்கு முற்றத்துக்குப் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்று நிழல் தெற்கே விழுவதைப் பார்த்துவிட்டு வருவார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஐப்பசி அடைமழையில் கீற்றுப் பந்தல் சரிந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டார்.

மார்கழியில் சுசீலாவின் தங்கை தாட்சாயிணி ஆரணியிலிருந்து வந்தாள். அக்காள் போனபோது வந்ததுதான்; அப்போது யாரும் எந்த அறையையும் பார்க்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வடக்கு அறையில் பாயை விரித்துப் படுத்தவள் கொஞ்ச நேரத்தில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"என்ன மாமா, இந்த ரூம் இப்படி சில்லுனு இருக்கு!" என்றாள். "அக்கா ஒவ்வொரு கடுதாசிலயும் எழுதுவா, குளுகுளுன்னு இருக்குடின்னு. கடைசி காலத்துல நிம்மதியா இருந்துட்டுப் போனா. குடுத்து வச்சவ."

ரகுநாதன் வாசற்படியில் நின்றிருந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவளும் தூங்கிப்போயிருப்பாள்.

"இல்லம்மா" என்றார். "இது மார்கழி. இப்ப சூரியன் தெற்கே நிக்குது. அதான் குளிருது."

"அதுக்கென்ன மாமா?"

அவர் சொன்னார். சூரியன் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை, சித்திரையில் தலைக்கு மேல் வருவதை, பிறகு தாண்டிப் போவதை. நேராக விழுகிற வெயில் ஏன் கடுமை, சாய்ந்து விழுகிற வெயில் ஏன் மென்மை என்பதை. ஆடியில் கழி நடாததை. யாருக்குச் சொன்னாலும் சொல்கிற அதே பொறுமையோடு, ஒரு படியும் தாண்டாமல் சொன்னார். முதலில் தாட்சாயிணிக்கு எதுவும் பிடிபடவில்லை. மாமா எப்போதும் இப்படித்தான் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னியம்மா சங்குச் சத்தத்துக்குக் காத்திருந்த இடம் வந்தபோது எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "உங்களுக்குத்தான் தெரியல."

"ஆமா."

அவள் அழுதாளா, கோபப்பட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க படுத்திருந்தா?" என்று கேட்டாள்.

அவர் தெற்கு அறைக்கு முன்னால் நடந்தார். கட்டில் அங்கேயே இருந்தது, விரிப்பு இல்லாமல். சின்ன ஜன்னல் வழியே மார்கழி வெயில் உள்ளே வந்து, தரையைத் தாண்டி, கட்டில் பலகையில் ஏறியிருந்தது. தாட்சாயிணி அந்த வெயிலிலேயே போய் உட்கார்ந்தாள். சுடுகிற வெயில் இல்லை அது. அவள் நகரவில்லை. ரகுநாதன் கதவோரமாக, நிழலில், தரையில் உட்கார்ந்துகொண்டார்.